முந்திரி ஓட்டுப் பிசினும் டியூப் கிளீனரும்: ஒரு சாயத் தொழிற்சாலைக் கொதிகலனில் செய்த வேலை

பெருந்துறைப் பகுதியில் பின்னலாடைத் துணிகளுக்குச் சாயமேற்றும் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கொதிகலன் மணிக்கு 5 டன் நீராவி தரக்கூடியது. அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர செ.மீ.க்கு 10.54 கிலோ, நாங்கள் ஓட்டுவது பெரும்பாலும் 8 கிலோவில். கீழே விறகு எரியும் அடுப்பும் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் குழாய்களாலான நீர்ச்சுவரும், மேலே வாயு ஒரு முறை போய்த் திரும்பி வரும் இரண்டு பாஸ் புகைக்குழாய்கள் கொண்ட உருளைக்கூடான ஷெல்லும் இருக்கின்றன. குழாயின் வெளிவிட்டம் 63.5 மி.மீ., சுவர்த் தடிமன் 3.66 மி.மீ., நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். தணல்வாயு குழாயின் உள்ளே போகும், தண்ணீர் வெளியே நிற்கும். ஆகவே புகைக்கரியும் சாம்பலும் உட்புறத்தில் படியும். உப்புப் படிவு, அதாவது ஸ்கேல், வெளிப்புறத்தில் படியும். சுத்தம் செய்யும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பக்கத்துப் படிவை எடுக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கருவி விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பேச்சில் குழப்பிவிடுவது வழக்கம்.

சீமைக் கருவேல விறகும் தைல மரமும் மட்டும் எரித்த காலத்தில் எங்களுக்குக் கம்பிப் பிரஷ் போதுமானதாக இருந்தது. நீண்ட ராடின் முனையில் பிரஷை முறுக்கி, குழாயின் ஒரு வாயில் செருகி மறுவாய் வரை தள்ளி, திரும்ப இழுத்தால் உலர்ந்த சாம்பல் உதிர்ந்துவிடும். விறகு விலை ஏறியபின் எண்ணெய் பிழிந்தெடுத்த முந்திரிக் கொட்டை ஓட்டையும் கலந்து எரிக்கத் தொடங்கினோம். பிழிந்த பிறகும் அந்த ஓட்டில் கொஞ்சம் எண்ணெய் தங்கியே இருக்கும். கொதிகலன் முழுச் சுமையில் ஓடும்போது அது முழுமையாக எரிந்துவிடுகிறது. இரவில் நீராவித் தேவை குறைந்து நெருப்பை அடக்கி வைக்கும்போது அரைகுறையாக எரிந்து, பிசினாக மாறி, வாயு குளிர்ந்து வரும் இரண்டாம் பாஸ் குழாய்களில் ஒட்டுகிறது. அதன்மேல் பறந்துவரும் சாம்பல் படிகிறது, மறுநாள் சூட்டில் இரண்டும் சேர்ந்து இறுகுகின்றன. தோசைக்கல்லில் காந்திப்போன மாவைத் துடைப்பத்தால் தேய்ப்பதுபோலத்தான் இந்தப் படிவின்மேல் கம்பிப் பிரஷ் வேலை செய்தது. மேலிருந்த தூள் போயிற்று, அடி அப்படியே நின்றது. எங்கள் பாய்லர் அட்டெண்டன்ட் அண்ணன் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “பிரஷ் சும்மா போய்ட்டு வருதுங்க சார், பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு ஆகுதே ஒழிய ஒண்ணும் எறங்கறதில்லைங்க.”

அவர் சொன்னதைப் புகைபோக்கி வெப்பநிலையும் உறுதி செய்தது. நன்றாகச் சுத்தம் செய்து ஓட்டத் தொடங்கும் நாளில் வெளியேறும் வாயுவின் வெப்பம் 205 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சதுர செ.மீ.க்கு 8 கிலோ அழுத்தத்தில் கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பநிலையே ஏறத்தாழ 175 டிகிரி என்பதால், வெளியேறும் வாயுவின் சூட்டில் உள்வரும் தண்ணீரைச் சூடாக்கும் எக்கனாமைசர் இல்லாத எங்கள் அமைப்பில் வாயு அதற்கும் கீழே குளிர வழியில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் 205 நல்ல எண்தான். முந்திரி ஓடு கலந்து எரித்தபின் அது 260ஐத் தொட்டது. பிரஷ் போட்டு எடுத்த மறுநாளும் 240க்குக் கீழே வரவில்லை. வெளியேறும் வாயுவின் வெப்பம் 22 டிகிரி உயர்ந்தால் கொதிகலனின் திறன் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. அதன்படி 55 டிகிரி ஏற்றத்துக்கு இரண்டரை சதவீதம் போகிறது. எங்கள் விறகில் ஒரு டன் நீராவிக்கு 250 முதல் 300 கிலோ வரை செலவாகிறது. இரவும் பகலும் ஓடும் கொதிகலனில் இந்த இழப்பு நாளொன்றுக்கு அரை டன் விறகுக்குக் குறையாது. வெப்பநிலை மட்டும் சாட்சியாக இருக்கவில்லை. குழாய்களின் வாய் குறுகியதால் புகையை இழுத்து வெளியேற்றும் ஐடி ஃபேன் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது, வாயுவின் வழியைத் திறந்து மூடும் டேம்பரை முழுவதும் திறந்த நிலையிலும் அடுப்பின் வாசலில் புகை எதிர்த்து வந்தது.

நிறுத்திச் சுத்தம் செய்யலாம் என்றால் நிறுத்த நேரம் இல்லை. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றாத முறைக்கு வந்தபின்னரே மறுபடி இயங்கின என்பது இப்பகுதியில் எல்லோரும் அறிந்ததே. அந்த முறையில், சவ்வு வழியே தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. கழித்துவிடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாபரேட்டருக்கும் நீராவி வேண்டும். சாயமேற்றும் ஜெட் மெஷின்கள் நின்றாலும் எவாபரேட்டர் நிற்பதில்லை. ஆகவே கொதிகலனும் நிற்பதில்லை. முழு நிறுத்தம் என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும்போது கிடைப்பதும், ஆண்டு ஆய்வுக்காகக் கிடைப்பதும்தான். இடையில் எப்போதாவது வாய்க்கும் குறுகிய நிறுத்தத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குழாய்களைக் கைப்பிரஷால் தேய்த்து முடிக்க ஆள்பலம் போதாது. இயந்திரம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டதற்கு இதுவே காரணம்.

டியூப் கிளீனிங் மெஷின் என்று சந்தையில் கிடைப்பதன் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு மோட்டார், அதனுடன் இணைந்த வளையும் ஷாஃப்ட், ஷாஃப்டைப் பொதிந்த நைலான் உறை, முனையில் மாட்டும் தலை, காலால் மிதித்து இயக்கும் சுவிட்ச், இவ்வளவுதான். ஏ.சி. ஆலைகளின் சில்லர் குழாய்களுக்கு உறைவழியே தண்ணீரும் சேர்ந்து போகும் வகையைப் பயன்படுத்துவார்கள். விறகுக் கொதிகலனின் உட்புறத்துக்கு அந்த வகை ஆகவே ஆகாது. மரச்சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் நிறைய இருப்பதால், நனைந்தால் குழைந்து, பிறகு காய்ந்து கல்லாக இறுகிவிடும். நனைந்த உப்பு குழாயையும் அரிக்கும். நாங்கள் வாங்கியது தண்ணீர் இல்லாத உலர்வகை. மோட்டாரும் ஷாஃப்டும் விலைக்கு வந்தன. தலைகளையும் தூசி உறிஞ்சும் அமைப்பையும் எங்கள் பட்டறையிலேயே செய்தோம். இந்தப் பதிவு பெரும்பாலும் அவ்விரண்டையும் பற்றியதே.

மோட்டார் ஒரு குதிரைத்திறன், மூன்று ஃபேஸ். அதனை நேரடியாகக் கொடுக்காமல், கழித்துப் போட்டிருந்த ஒரு சாயமேற்றும் மெஷினின் டிரைவை, அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியைக் கழற்றி இடையில் இணைத்தோம். இதில் இரண்டு நன்மைகள் கிடைத்தன. முதலாவது, தலைக்கேற்பச் சுழற்சி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். குழாய்க்குள் தலை சிக்கிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் முறுக்கும். முறுக்கம் போக இடமில்லாமல், வெளியே இருக்கும் ஷாஃப்ட் சட்டென்று வளையமாகச் சுருண்டு பிடித்திருப்பவரின் கையைத் திருகிவிடும். டிரைவில் மின்னோட்ட வரம்பைக் குறைவாக வைத்துவிட்டால் சிக்கிய மறுகணம் மோட்டார் தானாகவே அணைந்துவிடுகிறது. விலைக்கு வரும் மெஷின்கள் சிலவற்றில் இதற்கென வழுக்கும் கிளட்ச் உண்டு, எங்களுடையதில் இல்லை.

சுழலும் திசையைப் பற்றி ஒரு வார்த்தை. வளையும் ஷாஃப்டின் உட்கரு, ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசைகளில் சுற்றப்பட்ட எஃகுக் கம்பி அடுக்குகளால் ஆனது. ஒரு திசையில் சுழற்றினால் வெளியடுக்கு இறுகி வலுப்பெறும், எதிர்த்திசையில் சுழற்றினால் பிரிந்துபோகும். அதோடு, தலையை மாட்டும் மரையும் எதிர்த்திசையில் கழன்று, தலை குழாயின் நடுவிலேயே தங்கிவிடும். டிரைவிலிருந்து மோட்டாருக்கு வரும் மூன்று ஒயர்களில் இரண்டு இடம் மாறினாலே திசை மாறிவிடும் என்பதால், மோட்டார் மூடியின்மேல் பெயின்டால் அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு முறையும் தலையை மாட்டுவதற்கு முன் வெறும் ஷாஃப்டை ஓட்டிப் பார்த்து உறுதி செய்கிறோம்.

தலைகளைச் சோதிக்க, குழாய்களை மாற்றிய முந்தைய ரீட்யூபிங் வேலையில் வெட்டியெடுத்து ஓரமாகப் போட்டிருந்த பழைய குழாய்கள் கைகொடுத்தன. அவற்றில் பிசின் படிவு அப்படியே இருந்தது. ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்து, ஒரு தலையை ஓட்டிவிட்டு, பிறகு குழாயை நீளவாக்கில் அறுத்துத் திறந்து பார்த்தோம். கொதிகலனுக்குள் டார்ச் அடித்து வாயிலிருந்து பார்ப்பதைவிட இது பலமடங்கு தெளிவானது. நடுக்குழாயில் என்ன நடந்திருக்கிறது என்பது அறுத்துப் பார்க்காமல் தெரியாது.

முதலில் மாட்டியது எஃகுக் கம்பிப் பிரஷ். குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 56 மி.மீ.; பிரஷ் 60 மி.மீ. சுழன்று தேய்த்தபோது கைப்பிரஷைவிட நன்றாகத் தூள் இறங்கியதே தவிர, பிசின் படிவின்மேல் கண்ணாடிபோன்ற பளபளப்பைத்தான் உண்டாக்கியது. அடுத்தது திருகுவடிவ ஸ்கிரேப்பர். ஸ்பிரிங் ஸ்டீல் பட்டைகளை லேசாக முறுக்கி, நடுத்தண்டைச் சுற்றி நான்கு பக்கமும் வெளிநோக்கி விரியும்படி ரிவெட் அடித்தோம். பட்டை தன் விறைப்பால் குழாயின் சுவரோடு எப்போதும் அழுந்தியிருக்கும், விளிம்பு சாய்வாக உராய்ந்து படிவைச் சீவும். ஒரு மி.மீ. வரையிலான படிவுக்கு இதைவிட நல்ல தலை இல்லை என்பது என் அபிப்பிராயம். அறுத்துப் பார்த்த குழாயில் நெளிநெளியாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. நகத்தை ஓட்டினால் அவை தட்டவில்லை.

மூன்றாவது கட்டர் தலை. நட்சத்திரம்போன்ற பற்களுடைய கடினமான சிறு சக்கரங்கள் கைகளில் கோக்கப்பட்டிருக்கும். தலை சுழலும்போது மையவிலக்கு விசையால் கைகள் விரிந்து, சக்கரங்கள் படிவின்மேல் உருண்டு அதனை நொறுக்கும். சக்கரங்களை வெளியில் வாங்கி, அவற்றைத் தாங்கும் உடலை லேத்தில் கடைந்தோம். தடித்த படிவை இதுதான் உடைத்தது. ஆயினும் இதன் குணத்தை அறிந்து கையாள வேண்டும். வேண்டுமென்றே ஒரு குழாயில் கட்டரை ஒரே இடத்தில் சற்று நேரம் சுழலவிட்டு அறுத்துப் பார்த்தோம்; அந்த இடத்தில் மோதிரம்போல ஒரு பள்ளம், நகம் தெளிவாகத் தட்டியது. 3.66 மி.மீ. தடிமனுள்ள குழாய், அதுவும் பல ஆண்டுகள் சாம்பல் தேய்த்த குழாய், இப்படிப் பள்ளம் விழுவதைத் தாங்காது. ஆகவே கட்டர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், முன்னேற மறுத்தால் அழுத்தித் தள்ளாமல் பின்வாங்கி மறுபடி வர வேண்டும் என்று வகுத்துக்கொண்டோம். வேகத்தையும் தலைவாரியாக நிர்ணயித்தோம்: பிரஷுக்கு நிமிடத்துக்கு 1400 சுற்று, ஸ்கிரேப்பருக்கு அதில் பாதி, கட்டருக்கு இன்னும் குறைவு. குழாய் அளவைச் சொல்லித் தலையைத் தேர்ந்தெடுப்பதுதான் கடைகளில் நடக்கிறது. எங்கள் அனுபவத்தில் அளவு இரண்டாம் பட்சம். படிவு தூளா, சீவ வருமா, நொறுக்கினால்தான் வருமா என்பதே தலையைத் தீர்மானிக்கிறது.

கொதிகலனில் இறங்கும் முன்பு செய்ய வேண்டியவை நிறைய உண்டு, அவற்றில் குறுக்குவழி கிடையாது. நெருப்பை அணைத்தபின் தானாக ஆற விட வேண்டும். அவசரத்துக்குக் குளிர்ந்த காற்றை இழுத்தால், குழாய்களின் முனைகளைத் தாங்கும் தகடான டியூப் பிளேட்டில் குழாய்களை விரித்துப் பொருத்தியிருக்கும் இணைப்புகள் தளர்ந்து கசியும். அடுப்புக்குக் காற்றூதும் எஃப்டி ஃபேன், ஐடி ஃபேன் இரண்டின் மின் இணைப்பையும் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொள்கிறார். உள்ளே 24 வோல்ட் கைவிளக்கு மட்டுமே. மரச்சாம்பல் காரத்தன்மை உடையது. வியர்வையில் பட்டால் மணிக்கட்டும் கழுத்தும் எரிந்து புண்ணாகும். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கையுறையின் வாய்க்கும் சட்டையின் கைக்கும் இடையே டேப் சுற்றிக்கொள்வது சின்ன வேலைதான், மாலையில் அதன் அருமை தெரியும்.

ஸ்டே டியூப்கள் தனிக்கவனம் கேட்பவை. முன்னும் பின்னும் உள்ள இரு டியூப் பிளேட்டுகளை நீராவி அழுத்தம் வெளியே தள்ளாதபடி பிடித்து நிறுத்த, சாதாரணக் குழாய்களுக்கு இடையிடையே தடிமன் கூடிய குழாய்களைப் பொருத்தியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வாய் மட்டும் சற்றுக் குறுகலாகத் தெரியும், அவசரத்தில் கவனத்துக்கு வராது. எங்கள் கொதிகலனில் அவற்றின் சுவர் 5 மி.மீ.க்கும் மேல், ஆகவே உள்விட்டம் மற்றவற்றைவிட ஏறக்குறைய 3 மி.மீ. குறைவு. சாதாரணக் குழாய்க்கு அளவெடுத்த கட்டர் அதற்குள் நுழைந்தால் நடுவில் இறுகிக்கொள்ளும். பின்பக்கக் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஸ்டே டியூப் ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். அவற்றுக்கென்று சிறிய அளவில் இன்னொரு ஸ்கிரேப்பரையும் செய்து, கலந்துவிடாமலிருக்கத் தண்டில் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம்.

கையாளும் முறையில் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு: தலை முழுவதும் குழாய்க்குள் நுழைந்தபின்தான் பெடலை மிதிக்க வேண்டும், தலை வாய்க்கு வரும் முன்பே காலை எடுத்துவிட வேண்டும். சுழன்றபடியே வெளியே வரும் ஸ்கிரேப்பர், சாட்டைபோல வீசி முகத்தில் அடிக்கும். உறையில் தலையிலிருந்து 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறோம். அது வாய்க்கு வந்தால் தலை மறுமுனையை நெருங்கிவிட்டதென்று அறிந்து நிறுத்த வேண்டும். மறுமுனையில் குழாயின் நுனியை டியூப் பிளேட்டின்மேல் மடித்து உருட்டியிருப்பார்கள். கட்டரின் பல் அந்த மடிப்பில் மோதினால் அது சிதைந்து கசிவுக்கு வழி வைக்கும். கையால் தேய்க்கும் கம்பிப் பிரஷுக்கு இதற்கு நேர்மாறான விதி பொருந்தும். உள்விட்டத்தைவிடப் பெரிய கம்பிகள் வளைந்த நிலையில் குழாயின் நடுவில் திசை மாற மாட்டா. ஆகவே பிரஷ் மறுபக்கம் முழுவதும் வெளியே போன பிறகுதான் இழுக்க வேண்டும். இரண்டு கருவிகளையும் ஒரே நாளில் மாறி மாறிப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேறுபாடு பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கிறது.

தூசி உறிஞ்சும் அமைப்புக்கு 200 லிட்டர் டிரம் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் தொடுகோடாகக் காற்று நுழையும்படி ஒரு குழாயைப் பற்றவைத்து, மூடியின் நடுவில் வெளியேறும் குழாயைப் பொருத்தி, அதனை ஒரு புளோவரோடு இணைத்தோம். காற்று டிரம்முக்குள் சுழலும்போது கனமான துகள்கள் சுவரில் மோதிக் கீழே தங்கிவிடுகின்றன, மீதமுள்ள மெல்லிய தூசியைப் பின்னால் உள்ள வடிதுணிப் பை பிடிக்கிறது. பையை முதலில் வைக்காததற்குக் காரணம் உண்டு. எஃகுத் தலை எஃகுக் குழாயில் உரசும்போது சிலசமயம் பொறி பறக்கும். பிசின் கலந்த உலர்ந்த கரித்தூள் துணிமேல் நேராக விழுந்தால் கனன்று பிடிக்கும். முதல் பாஸ் குழாய்களின் மறுமுனை அடுப்பின்மேல் திறப்பதால் உதிர்வதெல்லாம் அடுப்பிலேயே விழுந்துவிடுகிறது, உறிஞ்சல் தேவைப்படவில்லை. இரண்டாம் பாஸுக்கு, வாயு வந்து சேரும் முன்பக்க ஸ்மோக் பாக்ஸில் ஒருவர் நின்று, புனல்வடிவ வாயைக் குறிப்பிட்ட குழாயின்மேல் அழுத்திப் பிடிக்கிறார். பின்பக்கம் இருப்பவர் தலையைத் தள்ளுகிறார். இருவருக்கும் இடையே கொதிகலன் முழுவதும் இருப்பதால் குரல் எட்டாது. விசிலடித்துச் சமிக்ஞை கொடுக்கிறோம். ஐடி ஃபேனையே மெதுவாக ஓட்டித் தூசியைப் புகைபோக்கி வழியே அனுப்பிவிடும் வழக்கம் சில ஆலைகளில் உண்டு. அக்கம்பக்கத்து ஆலைகளில் வெள்ளைத் துணி காயும் இடத்தில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் குழாய்களுக்கும் எல்லாத் தலைகளையும் போடவில்லை. முதல் பாஸில் படிவு உலர்ந்த சாம்பல்தான், அதுவும் குழாயின் கீழ்ப்பாதியில் மேடு கட்டியிருந்தது. பிரஷ் ஒரு முறை போய்வந்ததே போதும். இரண்டாம் பாஸில் ஸ்கிரேப்பரை முதலில் விட்டு, அது முரண்டு பிடித்த குழாய்களில் மட்டும் கட்டரை ஓட்டி, மறுபடி ஸ்கிரேப்பரால் முடித்தோம். கீழ்வரிசைகளில்தான் படிவு மிகத் தடிப்பாக இருந்தது. அங்கிருந்து வந்த செதில்களைக் கையிலெடுத்துப் பார்த்தால் ஒருபுறம் குழாயின் வளைவோடு வழவழப்பாகவும், மறுபுறம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகவும், உடைத்த ஓரத்தில் கறுப்பும் பழுப்பும் மாறி மாறி அடுக்கடுக்காகவும் இருந்தன. ஒவ்வொரு கறுப்பு அடுக்கும் நெருப்பை அடக்கிவைத்த இரவுகளின் கணக்கு என்று ஊகிக்கிறேன். பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்ட நான் அனுமதிக்கவில்லை. குழாயின்மேல் இயல்பாக உண்டாகும் மெல்லிய கரிய ஆக்சைடு படலம் காவலாக இருப்பது, அதையும் உரித்தெடுத்தால் புதிய எஃகு துருப்பிடிக்கத் தொடங்கும்.

சுத்தம் முடிந்ததும் அல்ட்ராசானிக் கருவியால் குழாய்வாய்களில் தடிமன் பார்த்துக் குறித்துவைத்தோம். வாயு நுழையும் முனையில்தான் சாம்பல் மோதித் தேய்மானம் அதிகம். கட்டர் எவ்வளவு தின்றது, சாம்பல் எவ்வளவு தின்றது என்பதை இனிவரும் அளவீடுகளோடு ஒப்பிட்டால்தான் பிரித்தறிய முடியும். ஆகவே முதல் அளவீடு இல்லாமல் எந்த இயந்திரக் கருவியையும் குழாய்க்குள் விடாதீர்கள் என்றே சொல்வேன். கதவுகளுக்குப் புதிய செராமிக் கயிறு வைத்து மூடி, மெதுவாகச் சூடேற்றி, முழுச் சுமைக்கு வந்தபின் பார்த்தபோது புகைபோக்கி வெப்பம் 208ல் நின்றது, ஐடி ஃபேன் டேம்பரைப் பாதிக்கு மூட முடிந்தது. அடுப்பின் வாசலில் புகை எதிர்த்து வருவதும் நின்றுபோயிற்று.

இனி வெளிப்புறப் படிவைப் பற்றி. ஆண்டு ஆய்வுக்குக் கொதிகலனைக் காலிசெய்து மேன்ஹோலைத் திறந்தபோது, மேல்வரிசைக் குழாய்களின்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தது. அதனைப் புகைக்குழாயின் உள்ளிருந்தே உதிர்க்கலாம் என்று சொல்லி, கருவி விற்பவர்கள் அதிர்வுத் தலை ஒன்றைக் காட்டினார்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் மோட்டாரின் முனையில் தளர்வாகத் தொங்கும் சுத்தி, சுழலும்போது குழாயின் உட்சுவரை விடாமல் தட்டும். அதிர்ச்சியில் வெளியிலிருக்கும் ஸ்கேல் விரிசல் விட்டு உதிரும். ஓரக்குழாய்கள் சிலவற்றில் செய்து பார்த்தோம், செதில் செதிலாக உதிர்ந்தது உண்மைதான். ஆயினும் உதிர்ந்தவை கீழே போக வழியின்றி அடுத்த வரிசைக் குழாய்களின் இடுக்கில் தங்கி அடைத்துக்கொண்டன. கை நுழையும் அளவுள்ள திறப்பான ஹேண்ட்ஹோல் வழியே தண்ணீர் பீய்ச்சி அவற்றை வெளியேற்றுவதே தனி வேலையாயிற்று. உள்வரிசைகளில் இதைச் செய்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். தண்ணீர் ஓடாத இடுக்கில் குழாய் மிகையாகச் சூடேறிப் பழுதாகும். மேலும், பல ஆண்டுகள் ஓடிய கொதிகலனில் ஓயாத தட்டல், விரித்துப் பொருத்திய இணைப்புகளைத் தளர்த்தக்கூடும். புதிய கொதிகலனில், வரிசைகளுக்கிடையே இடைவெளி தாராளமாக இருந்தால் மட்டுமே அதிர்வுத் தலையை யோசிக்கலாம் என்பது என் முடிவு. நாங்கள் தடுப்பான் கலந்த அமிலக் கரைசலால், அதற்கென்று அனுபவமுள்ள ஆட்களை வைத்து, ஸ்கேலைக் கரைத்தோம். மென்னீராக்கியின் ரெசினுக்கு உப்பு ஊட்டுவதையும், தண்ணீரின் கடினத்தன்மையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சோதிப்பதையும் ஒழுங்குபடுத்திய பிறகு மேன்ஹோலில் வெள்ளைப் படிவு அவ்வளவாகத் தென்படவில்லை.

சுழலும் கட்டருக்கு உண்மையான களம் நீர்க்குழாய்க் கொதிகலன்கள்தாம். அங்கே தண்ணீர் குழாயின் உள்ளே ஓடுவதால் ஸ்கேலும் உள்ளேயே படிகிறது, கட்டர் நேராக அதன்மேல் இறங்குகிறது. இங்கு வருவதற்கு முன் சர்க்கரை ஆலையில் வேலை செய்தபோது, அரைவை இல்லாத மாதங்களில் குழாய்களின் மேல்முனைகள் திறக்கும் மேல் டிரம்முக்குள் படுத்தபடி, ஒவ்வொரு குழாயிலும் காற்று மோட்டாரை இறக்கிச் சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் விரல்நீள உருளையாக இருக்கும், குழாய்க்குள் அதுவும் சேர்ந்தே போகும். உள்ளே பள்ளங்களில் செருகிய தகடுகள் காற்றழுத்தத்தால் தள்ளப்பட்டுச் சுழலியைத் திருப்பும். வளைந்த குழாயில் திரும்புவதற்கு மோட்டாருக்கும் கட்டருக்கும் இடையே யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். அந்த மோட்டாரின் ஓசையை வெளியிலிருந்தே கவனிப்பார்கள்: சுருதி தாழ்ந்தால் ஸ்கேலை வெட்டுகிறது, ஏறினால் வெறுங்குழாயில் ஓடுகிறது, மேற்கொண்டு இறக்க வேண்டும் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து ஒரு பந்தை உருட்டிவிட்டு, அது கீழ் டிரம்முக்கு வந்து சேர்வதைச் சரிபார்த்து எண்ணுவார்கள். ஒரு பந்து வரவில்லையென்றால் அந்தக் குழாயில் கட்டர் பல்லோ, செதிலோ அடைத்திருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் டிரம்மை மூட விடமாட்டார்கள். புகைக்குழாய்க் கொதிகலனில் ஒரு முனையில் விளக்கை வைத்து மறுமுனையில் பார்த்தாலே போதும் என்பது எங்களுக்கு வாய்த்த வசதி.

இப்போது சுத்தம் செய்யும் நாளைக் காலண்டர் தீர்மானிப்பதில்லை. சுத்தமான நாளின் வெப்பநிலையைவிட 20 டிகிரி ஏறினால் அடுத்து வாய்க்கும் நிறுத்தத்தில் ஸ்கிரேப்பரை மட்டும் விடுகிறோம். அந்த நிலையில் படிவு இன்னும் இளக்கமாக இருப்பதால் கட்டர் தேவைப்படுவதில்லை. அழுத்தமும் சுமையும் மாறினால் புகைபோக்கி வெப்பமும் மாறும் என்பதால், ஒப்பிடும் எண்ணை எப்போதும் 8 கிலோ அழுத்தத்தில், எவாபரேட்டரும் ஜெட் மெஷின்களும் ஓடும் நேரத்தில் எடுக்கும்படி அட்டெண்டன்டுகளிடம் சொல்லியிருக்கிறோம். நெருப்பை அடக்கும் இரவுகளில் முந்திரி ஓட்டைப் போடாமல் விறகை மட்டும் போடுவது என்று ஏற்பாடு செய்ததில் படிவு சேரும் வேகமும் குறைந்திருக்கிறது. பிசின் ஒட்டிய ஷாஃப்டை அப்படியே சுருட்டி வைத்தால் உட்கரு உறையோடு பிடித்துக்கொள்கிறது. ஆகவே வேலை முடிந்த அன்றே உட்கருவை உருவி, டீசலில் துடைத்து, கிரீஸ் தடவி, பெரிய வளையமாகச் சுவரில் தொங்கவிடுகிறோம். ஸ்கிரேப்பர் பட்டைகள்தான் அடிக்கடி மழுங்குகின்றன. ஒரு செட் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.